கேட்டால் இறக்கையை ஆட்டவும்

எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் ரேடியோவில்தான் முடியும். நான் சின்ன விமானம் ஓட்டுகிறவன். பார்சல் மூட்டைகளையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் போய்த் திரும்புவது என் பிழைப்பு. என் மனைவி எங்கள் ஊர் விமான நிலையத்து டவரில் உட்கார்ந்து, யார் இறங்கலாம், யார் பொறுக்க வேண்டும் என்று சொல்கிறவள். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாலும், ஆகாயத்திலிருந்து நான் கூப்பிட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அவள் சொன்னதை நான் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான ஆண்களில் எத்தனை பேருக்கு இந்த வசதி உண்டு என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு. அவளும் தன் சிநேகிதிகளிடம் அதையேதான் சொல்லிப் பீற்றிக்கொள்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

என்னை அங்கே எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் டவருக்குக் கீழே தீயணைப்பு வண்டியோடு உட்கார்ந்திருக்கும் தீயணைப்புக்காரர். இறங்கி, விமானத்தை நிறுத்தி, கதவைத் திறப்பதற்குள் நான் பேச ஆரம்பித்துவிடுவேனாம். இருக்கட்டும். பேசாமல் இருப்பதற்கு வாய் எதற்கு?

ஆனால் அந்த வாரம் முழுக்க நான் பேசியதில் உருப்படியாக ஒன்றும் இல்லை. என் மனைவிக்குப் பெரிய நகரத்து விமான நிலையத்தில் பதவி உயர்வோடு இடமாற்றம் வந்திருந்தது. அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆசைப்பட்ட டவர். தலைமை அலுவலகத்தார் அன்று மதியம் போன் செய்வார்கள். வருகிறாளா இல்லையா என்று அவள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் என்னிடமிருந்து அவளுக்கு ஒரு பதில் வேண்டும். நானோ நழுவிக்கொண்டே இருந்தேன். அன்று காலையிலும் அதே கதைதான்.

"நீங்க வருவீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

"உன் இஷ்டம்மா. நான் எங்க குறுக்க நிக்கிறேன்?"

"குறுக்க நிக்கிறீங்களான்னா கேட்டேன்? கூட வர்றீங்களான்னு கேட்டேன்."

"அங்க என் விமானத்தை எங்க நிறுத்துறதாம்? மொட்டை மாடியிலயா?"

அவள் தட்டைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நானும் விடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விடைத்துக்கொண்டு கிளம்புகிறவன் சாவகாசமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டான். கைபேசி சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். இங்கே என்னைத் தெரியாத ஆள் இல்லை. அங்கே போனால் சின்ன விமானத்துக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. டவர் அம்மாவின் வீட்டுக்காரர் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். இதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, அதனால் மொட்டை மாடி என்று வாயைக் கொடுத்தேன்.

பக்கத்து ஊரில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது அந்த ஊர் டவர்க்காரர் எனக்குக் காற்றின் திசையைச் சொன்னார். வாயில் எதையோ அதக்கிக்கொண்டே பேசுகிற மனிதர். நல்லவர்தான். மேலே ஏறி, வெயிலில் பளபளக்கும் வயல்களைத் தாண்டி வரும்போது எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அவள் போய்விட்டால் எங்கள் ஊரிலும் இப்படி யாராவது ஒருவர்தான் எனக்குக் காற்றின் திசையைச் சொல்வார். நான் ஏதாவது கேலி பேசினால் "வேலையைப் பாருங்க" என்று அந்தக் கண்டிப்பான குரலுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்ல ஆள் இருக்காது. விமானத்தை விற்றுவிட்டுக் கீரை ஆய்வது அதைவிட எவ்வளவோ தேவலை என்று பட்டது. மனது லேசாகிவிட்டது. வழியில் மேகங்கள் கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போட்டன, அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் ஏரிக்கு மேல் வந்ததும் வழக்கம்போல் கூப்பிட்டேன்.

"டவர், பார்சல் விமானம். ஏரி மேல வந்தாச்சு. இறங்க வர்றேன்."

பதில் இல்லை. ரேடியோ இரைந்தது. அப்புறம் அவள் குரல் கணீரென்று கேட்டது, ஆனால் எனக்கு அல்ல.

"பரவாயில்ல டாக்டர், நிதானமா வாங்க. காத்து லேசாத்தான் இருக்கு. அவசரமே இல்ல."

டாக்டர் என்றால் எங்கள் ஊர்ப் பல் டாக்டரம்மா. ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டப் படிக்க வந்தவர், அந்த வாரம்தான் வாத்தியார் இல்லாமல் தனியாகப் பறக்க ஆரம்பித்திருந்தார். அவருடைய மஞ்சள் விமானம் எனக்குச் சற்றுக் கீழே, ஏரிக்கரையை ஒட்டித் திரும்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. டாக்டரம்மாவிடம் மட்டும் பேச்சில் தேன் ஒழுகுகிறது. கட்டிய புருஷன் கூப்பிட்டால் காது அடைத்துவிடுகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"டவர், ஓடுபாதை எனக்கும் உண்டா, இல்ல பல் டாக்டருக்கு மட்டும்தானா?"

அதற்கும் பதில் இல்லை. வழக்கமாக இதற்கே இரண்டு வாங்கியிருப்பேன். சரி, இந்தக் கோபம் கேலிக்கு மசியாது, விஷயத்தைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஊரே கேட்கிற ரேடியோ என்பதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"சரிம்மா, கேட்டுக்கோ. நான் வர்றேன். நீ எங்க போனாலும் கூட வர்றேன். விமானத்தை வித்துட்டாலும் சரிதான். போய் மெத்தையைச் சுருட்டு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"டாக்டர், இப்ப இடது பக்கம் திரும்பலாம்" என்றாள் என் மனைவி.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு மனிதன் மானம் மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மனசைத் திறந்து கொட்டுகிறான், இவளுக்கு இடது பக்கம் பெரிதாகப் போய்விட்டது! திரும்பவும் மைக்கை வாயருகே இழுத்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். வீட்டில் அவள் என்னிடம் பேசாமல் இருந்திருக்கிறாள். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறாள். ஆனால் ஆகாயத்தில் கூப்பிட்ட ஒருவருக்கு, அது யாராக இருந்தாலும், அவள் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. செத்தாலும் இருக்க மாட்டாள். அவளைப் போய் அப்படி நினைத்தேனே என்று எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆக, நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பேசுவது எனக்குக் கேட்கிறது. கேட்டதனால்தான் ரேடியோ நன்றாக இருக்கிறது என்று ஏமாந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கை தன் வேலையைச் செய்தது. முதலில் விமானத்தை ஒழுங்காக ஓட்ட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஓடுபாதைக்கு மேலே, இறங்குகிறவர்கள் வழியில் படாத உயரத்தில் வட்டம் போட ஆரம்பித்தேன். மைக்கின் செருகியைப் பிடுங்கிச் செருகினேன். ஹெட்போனை விட்டுக் கை மைக்கில் பேசிப் பார்த்தேன். வேறு அலைவரிசைக்கு மாற்றிப் பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், ரேடார் பெட்டியில் ரேடியோ செத்தவர்கள் போடுவதற்கென்றே இருக்கும் எண்ணைப் போட்டேன். அதைப் போட்டால் தூரத்துப் பெரிய ரேடார் நிலையத்தின் திரையில் என் விமானம் மின்னும், அவர்கள் எங்கள் டவருக்குப் போன் செய்வார்கள். கீழே ஓடுபாதையையும் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பையையும் மஞ்சள் விமானத்தையும் பார்த்துக்கொண்டே சுற்றினேன்.

சற்று நேரத்தில் அவள் குரல் வந்தது. இந்த முறை எனக்கு.

"பார்சல் விமானம், பார்சல் விமானம், டவர். உங்கள் குரல் வரவில்லை. நான் பேசுவது கேட்டால் இறக்கையை ஆட்டவும்."

ஆட்டினேன். இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு.

"நன்றி" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. "டாக்டர் இறங்கும்வரை அங்கேயே சுற்றவும். விளக்கும் காட்டுகிறேன். அதையும் பார்த்துக்கொள்ளவும்."

என் ரேடியோவில் பேச்சு போனதுபோல் காதும் போய்விட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை. டவரின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. பொறு, சுற்றிக்கொண்டே இரு என்று அர்த்தம். பச்சை எரிந்தால் இறங்கலாம். நான் பொறுத்தேன். எரிபொருள் தாராளமாக இருந்தது.

டாக்டரம்மா இறங்க வந்தார். ஓடுபாதைக்கு மேல் மிதந்து மிதந்து, தரையைத் தொட மனமில்லாமல் திரும்ப மேலே ஏறினார். தப்பில்லை, சரியாக வரவில்லை என்றால் மேலே ஏறுவதுதான் நல்ல பழக்கம். சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு ஒரு பெரிய டார்ச்சு மாதிரி, கனமாக இருக்கும். இரண்டு கையாலும் தூக்கி விமானத்தைக் குறிபார்த்துப் பிடிக்க வேண்டும். கை காலியாக இல்லாதபோது பேசுவதற்கென்று டவர் மேசைக்குக் கீழே மைக்குக்கு ஒரு கால் பெடல் உண்டு. விளக்கோடு கண்ணாடிப் பக்கம் சாய்ந்தவள் அந்தப் பெடல்மேல் ஏறி நின்றிருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் டவருக்கு ஏறி வந்திருந்த தீயணைப்புக்காரர் குரல் என் காதில் கேட்டது.

"ஸ்பீக்கர் அண்ணன் அழகா சுத்திக்கிட்டுதான் இருக்கார் மேடம். நீங்க ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க?"

"அவர் வாயை மூடிக்கிட்டு இருந்து நான் பார்த்ததே இல்லய்யா" என்றாள் அவள்.

"சரி, மதியம் அந்த போன் வந்தா? நீங்க கையில விளக்கு வெச்சிருந்தா நான்தானே எடுக்கணும்."

அவள் சொன்னாள்:

"வரலன்னு சொல்லிடுங்க."

"மேடம்! நீங்க எவ்வளவு ஆசைப்பட்டீங்க!"

"ஆசைப்பட்டேன்தான். இவர் வர மாட்டார். இந்தக் குரல் இல்லாம டவர்ல உக்காந்தா எப்படி இருக்கும்னு இப்பதான் பார்க்கிறேனே. இதை தினமும் என்னால தாங்க முடியாது."

"ஐயோ, வர்றேன்டி!" என்று நான் விமானத்துக்குள் கத்தினேன். "சொல்லியாச்சு, வர்றேன்னு சொல்லியாச்சு! அந்தாளை போனை எடுக்க விடாதே!" கத்தலில் கண்ணாடி அதிர்ந்தது. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிற எனக்கு, பேச வேண்டிய அந்த ஒரு வேளையில் குரல் கதவைத் தாண்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கையைக் கன்னாபின்னாவென்று ஆட்டினேன்.

கால் பெடலை விட்டு இறங்கியிருக்க வேண்டும், ஒரு கணம் நிசப்தம். பிறகு அதிகாரக் குரல்.

"பார்சல் விமானம், எரிபொருள் குறைவா? ஆம் என்றால் இறக்கையை ஆட்டவும்."

ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். டாக்டரம்மாவை ஒதுக்கிவிட்டு எனக்குப் பச்சை காட்டுவாள். உடனே இறங்கி ஓடிப் போய் அந்த போனைப் பிடுங்கிவிடலாம். ஆனால் கீழே ஒரு பெண்மணி தனியாக, உதறலோடு, இரண்டாம் முறை இறங்க வந்துகொண்டிருக்கிறார். அவரைப் பாதியில் விரட்டினால் என்ன ஆகுமோ. அதோடு, இறக்கையில் நான் சொல்வதை அவள் அப்படியே நம்புகிறாள். இறக்கைகளைப் பலகைபோல் மட்டமாகப் பிடித்துக்கொண்டேன்.

"புரிந்தது. காத்திருக்கவும்" என்றாள்.

டாக்டரம்மா இரண்டாம் முறையும் மேலே ஏறிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் முறை முட்டி மோதி இறங்கி, ஓடுபாதையை விட்டு ஒதுங்கினார். உடனே டவரில் பச்சை எரிந்தது. ஆட்டிக் காட்டிவிட்டு இறங்கினேன். அவசரத்தை எல்லாம் தொண்டையிலேயே நிறுத்திவிட்டு, கையை மட்டும் நிதானமாக வைத்துக்கொண்டேன். சக்கரம் தரையைத் தொட்டதுகூடத் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் நான் விமானம் இறக்கியது அதுதான் முதல் தடவை, என் இறக்கங்களில் அதுவே உத்தமமானது என்று தீயணைப்புக்காரர் இன்றைக்கும் குத்திக் காட்டுகிறார்.

படிகளில் தாவி ஏறினேன். அவள் விளக்கை மேசையில் வைத்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் வந்துதா?" என்றேன் மூச்சிரைக்க.

"வந்துது" என்றார் தீயணைப்புக்காரர். "விமானம் இறங்கிட்டு இருக்கு, அப்புறம் பேசுங்கன்னு வெச்சுட்டேன். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி பக்கம் திரும்பி, "நான் வர்றேம்மா. உன்கூட வர்றேன்" என்றேன்.

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. என்னையும் மேசைக்கு அடியில் இருந்த பெடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பேசினதைக் கேட்டுட்டீங்க."

"கேட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே..."

"பாவம் பார்த்து யாரும் என்கூட வர வேண்டாம்."

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல! நீ பேசுறதுக்கு ரொம்ப முன்னாடியே, ஏரி மேல வெச்சு, வர்றேன்னு சொன்னேன். ரேடியோவுல சொன்னேன்."

அவள் டவரின் பதிவுக் கருவியைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டாள். டாக்டரம்மாவின் குரல் இருந்தது. இவள் குரல் இருந்தது. நான் இருக்க வேண்டிய இடங்களில் இரைச்சல்தான் இருந்தது.

"நிஜமாத்தான் சொன்னேன்" என்றேன். அதைக் கேட்க எனக்கே நம்பிக்கையாக இல்லை. வீண் பேச்சாக எவ்வளவோ பேசியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஊரில் சாட்சி இருக்கிறது. இதற்கு மட்டும் யாரும் இல்லை. அவள் கண்ணாடி வழியே வெறும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் இதே வார்த்தையைச் சமையலறையில் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

அப்போது கதவு திறந்தது. ஹெட்போன் அழுத்தித் தலைமுடி படிந்துபோய், டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, ரெண்டு தடவை இறங்காம உங்களையெல்லாம் படுத்திட்டேன்" என்றவர், எங்கள் முகங்களைப் பார்த்துத் தயங்கினார். சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன, மெத்தையைச் சுருட்டியாச்சா?"

என் மனைவி திரும்பினாள். "என்ன மெத்தை?"

"அதான், இவர் சொன்னாரே. நீ எங்க போனாலும் வர்றேன், விமானத்தை வித்துட்டாலும் சரி, போய் மெத்தையைச் சுருட்டுன்னு. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கரகரன்னுதான் கேட்டுது. நான் ஏரிக்கரையில திரும்பிட்டு இருந்தேன், இவர் எனக்கு நேர் மேல."

மேகத்தில் குலுங்கியதில் ஆண்டெனா வயர் கழன்றிருந்ததை ரேடியோ மெக்கானிக் மாலையில் கண்டுபிடித்தார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் கேட்குமாம். அந்த நேரத்தில் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. டாக்டரம்மா காலில் விழத் தயாராக இருந்தேன்.

"உங்களுக்குக் கேட்டுதா?" என்றாள் மனைவி. "கேட்டும் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க பதிலே பேசல. கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன். புருஷன் பொண்டாட்டி சமாசாரம், நான் எதுக்கு நடுவுல மூக்கை நுழைக்கணும்னு..."

"டாக்டர்! ஒருத்தர் குரல் டவருக்குக் கேக்காம உங்களுக்குக் கேட்டா, உடனே எனக்கு எடுத்துச் சொல்லணும். சமாசாரம் எதுவா வேணா இருக்கட்டும்! இது விளையாட்டு இல்ல. மேல ஒருத்தர்..."

அவள் குரல் பாதியில் உடைந்தது. டாக்டரம்மா தன் நோயாளிகளைப் போலவே வாயைத் திறந்தபடி நின்றார்.

"இனிமே சொல்றேம்மா" என்றார் மெதுவாக. "அப்புறம் நீங்க பேசினதும் கேட்டுது. அதைக் கேட்டுக்கிட்டு இருந்ததுலதான் ரெண்டாவது தடவை கோட்டை விட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுக்கத் தயாரா இருக்காங்க, இதுங்களுக்குள்ள என்ன சண்டைன்னு தோணுச்சு."

தீயணைப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு காற்றுப் பையைப் பார்த்தார். என் மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்று காலை முதல், ஏன், அந்த வாரம் முழுவதும் பார்க்காத பார்வை.

போன் அடித்தது. தீயணைப்புக்காரர் கையை நீட்டுவதற்குள் அவளே எடுத்தாள்.

"ஆமா, நான்தான் பேசுறேன். வர்றேன் சார்... ஆமா, நிச்சயமா... வீடா? ஒரு ஆளுக்கு வேண்டாம் சார், ரெண்டு பேருக்குப் பாருங்க. பக்கத்துல சின்ன விமானம் நிறுத்த எங்கயாவது இடம் கிடைக்குமான்னும் விசாரிச்சுச் சொல்லுங்க." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை வாயருகே இழுத்துக்கொண்டாள். "இன்னொண்ணு சார். வீடு கொஞ்சம் தனியா இருந்தா நல்லது. என் வீட்டுக்காரர் நிறையப் பேசுவார். எனக்கு அது வேணும், பக்கத்து வீட்டுக்காரங்க தாங்க மாட்டாங்க."

நான் வாயைத் திறக்கவே இல்லை.